மன்னார்க் கரையும் மறுக்கப்பட்ட கல்வியும்

இலங்கையின் வடமேற்கே, பாக்கு நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் மன்னார்த் தீவின் பக்கம் பிரயாணம் செய்வோரிற் பெரும்பாலோர், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தைத் தரிசிக்கவோ, மடுமாதாவின் ஆலயத்தில் நேர்த்திக்கடன் செலுத்தவோ செல்வது வழக்கம். எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஜனசமூகங்கள் தமக்கென்று பள்ளிக்கூடங்களையும் கலாசாலைகளையும் எவ்வாறு உண்டாக்கிக்கொண்டன என்னும் விஷயத்தைச் சில காலமாகச் சிரத்தையோடு படித்துவந்த எனக்கோ, மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் முன்னோர் தோணிகளிலிருந்து இறங்கி நடக்கத் தொடங்கிய அந்தக் கரையைக் கண்ணாற் காணவேண்டும் என்னும் அவாவே இப்பிரயாணத்துக்குக் காரணமாயிற்று.

மதவாச்சியில் வடக்குப் பெருவீதியை விட்டு மேற்கே திரும்பி, செட்டிகுளம், மடுவீதி, முருங்கன் என்னும் ஊர்களைக் கடந்து செல்லும் சாலையின் இருமருங்கும், முதலில் அடர்ந்த காடும், பின்னர் கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் நெல்வயல்களும், அவற்றுக்கு அப்பால் உப்புக்காற்றில் வளைந்து நிற்கும் முட்புதர்களும் பனைகளுமாக நிலத்தின் தோற்றம் மாறிக்கொண்டே வருகிறது. பஸ்ஸில் அமர்ந்து சுகமாகக் கடந்துவிடும் இவ்வழியைத்தான், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், இராமநாதபுரம், திருச்சி, தஞ்சை ஜில்லாக்களின் வறண்ட கிராமங்களிலிருந்து வந்த ஆண்களும் பெண்களும் குழந்தைகளும், எதிர்த்திசையில், ஆள்சேர்த்து வந்த கங்காணியின் பின்னால், மாத்தளை வரையில் ஏறத்தாழ 130 மைல் கால்நடையாகக் கடந்தார்கள் என்பதை எண்ணும்போது, கண்ணுக்கு இனிய இக்காட்டின் பசுமையும் மனத்துக்குப் பாரமாகிவிடுகிறது. வாந்திபேதியும் காய்ச்சலும் கண்டு வழியிலேயே விழுந்தவர்களின் சமாதிகள் இக்காட்டில் எங்கே இருக்கின்றன என்று சுட்டிக்காட்ட எவராலும் இயலாது.

நீண்ட பாலத்தைக் கடந்து தீவினுள் நுழைந்ததும் மன்னார்க் கோட்டை எதிர்ப்படுகிறது. 1560-ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் எடுப்பித்து, 1658-இல் ஒல்லாந்தர் கைப்பற்றித் திருத்திக் கட்டிய கோட்டை அது. ஊருக்குள் கழுதைகள் வீதிகளில் தம்மிச்சையாகத் திரிகின்றன. நகரை அடுத்த பள்ளிமுனையில், 19 மீட்டருக்கு மேற்பட்ட சுற்றளவுள்ள பெருக்கமரம் ஒன்று பல நூற்றாண்டுகளாக நிற்கிறது. ஆபிரிக்காவின் வறண்ட சமவெளிகளுக்குரிய இம்மரத்தை, தம் ஒட்டகங்களுக்குத் தீனியாகும் பொருட்டு அராபிய வர்த்தகர் இங்கே கொண்டுவந்து நட்டனர் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி.

ஆபிரிக்கக் கண்டத்திலிருந்து கடல்கடந்து சென்றவை மரங்கள் மாத்திரமல்ல. விலங்கிடப்பட்ட மனிதரும் சென்றனர். அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் பருத்தித் தோட்டங்களிலும் புகையிலைத் தோட்டங்களிலும் அடிமைகளாக உழைத்த அம்மக்களிடமிருந்து முதலிற் பறிக்கப்பட்டது சுதந்திரம் என்றால், இரண்டாவதாக மறுக்கப்பட்டது எழுத்து. தென் கரோலினாவில் 1740-ஆம் ஆண்டிலேயே, அடிமைக்கு எழுதக் கற்பிப்போருக்குத் தண்டம் விதிக்கும் சட்டம் ஏற்பட்டது. வர்ஜீனியாவில் 1831-இல், எழுத்தறிவு பெற்றிருந்த நாட் டர்னர் என்னும் அடிமை கிளர்ச்சியொன்றை நடத்திய பின்னர், தென்மாநிலங்கள் பல இத்தகைய சட்டங்களை மேலும் இறுக்கின. வாசிக்கத் தெரிந்தவன் தன் நிலையை அறிந்துகொள்வான், அறிந்தவன் அதைப் பொறுத்திரான் என்பதை அடிமைகளின் எஜமானர்கள் நன்றாகவே உணர்ந்திருந்தார்கள்.

இத்தகைய தடைகளுக்கிடையே வட மாநிலங்களில் தோன்றியவையே கறுப்பின மக்களுக்கான முதற் கலாசாலைகள். பிலடெல்பியாவில் ரிச்சர்ட் ஹம்ப்ரீஸ் என்னும் குவேக்கர் சமயத்தவர் தமது மரணசாசனத்தில் எழுதிவைத்த திரவியத்தைக் கொண்டு 1837-இல் ஆரம்பித்த பள்ளியே இன்று செய்னி பல்கலைக்கழகமாக விளங்குகிறது. அதன்பின் 1854-இல் பென்சில்வேனியாவில் லிங்கனும், 1856-இல் ஒஹையோவில் வில்பர்போர்ஸும் எழுந்தன. உள்நாட்டு யுத்தம் முடிந்து, 1865-இல் ஏறத்தாழ 40 லட்சம் அடிமைகள் விடுதலை பெற்றபோது, கல்வி வேட்கை வெள்ளமெனப் பெருகிற்று. நாஷ்வில் நகரில் பிஸ்க் 1866-இலும், வாஷிங்டனில் ஹோவர்டும் ஜார்ஜியாவில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் மோர்ஹவுஸும் 1867-இலும், வர்ஜீனியாவில் ஹாம்ப்டன் 1868-இலும், அலபாமாவில் டஸ்கீகி 1881-இலும் தோன்றின. டஸ்கீகியில் மாணவர்கள் தாங்களே செங்கல் அறுத்துச் சூளையிட்டுத் தங்கள் வகுப்பறைகளைக் கட்டிக்கொண்டார்கள். பிஸ்க் கலாசாலை பணமின்றி மூடப்படும் நிலையில் இருந்தபோது, அதன் மாணவர் குழாமொன்று 1871-இல் புறப்பட்டு, அடிமைக்காலத்துப் பக்திப்பாடல்களை ஊர்ஊராகப் பாடி, திரட்டிய பணத்தால் அதைக் காப்பாற்றிற்று.

இவ்வரலாற்றுக்கும் நம் ஈழநாட்டுக்கும் நேரான சம்பந்தம் ஒன்று உண்டு. 1816-ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணத்தில் ஊழியஞ்செய்து, வட்டுக்கோட்டை செமினரியை 1823-இலும் உடுவில் மகளிர் பாடசாலையை 1824-இலும் ஸ்தாபித்த அமெரிக்க மிஷன் சங்கத்தை நாம் நன்கறிவோம். அச்சங்கம் தன் சொந்த நாட்டில் நடைபெற்ற அடிமைமுறையை உறுதியாகக் கண்டிக்கவில்லை என்று மனம் நொந்தோர் சிலர், 1846-இல் தனியே கூடி வேறொரு மிஷனரிச் சங்கத்தை அமைத்தார்கள். பிஸ்க், ஹாம்ப்டன், டல்லடிகா முதலிய கறுப்பின மக்களின் கலாசாலைகளை நிறுவியது அந்த இரண்டாவது சங்கமே. கடல்கடந்த தேசத்தில் அறிவுத்தானம் செய்வோர் தம் வீட்டு வாசலில் நிற்கும் அநீதியைக் காணாதிருக்கலாமோ என்று அவர்கள் எழுப்பிய வினா எக்காலத்துக்கும் எச்சமூகத்துக்கும் பொருந்துவது. யாழ்ப்பாணத்திலேயே அவ்வினாவுக்கு இடமிருந்தது. பாதிரிமாரின் பள்ளிகளில் தம் சமயத்துக்கு இடமில்லை என்று கண்ட ஆறுமுக நாவலர் 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பள்ளியை நிறுவினார். அவர் வழிவந்த சைவப்பள்ளிகள் பலவும் சாதியின் பெயரால் தம் கதவை அடைத்திருக்க, அக்கதவுக்கு வெளியே நின்ற மக்களுக்காக 1914-இல் வடமராட்சியில் தேவரையாளி வித்தியாசாலையைச் சைவப் பெரியார் சூரன் நிறுவ நேர்ந்தது.

கறுப்பின மக்களின் கலாசாலைகளுக்கு மூலநோக்கம் யாது என்று வினவினால், ஆசிரியரை உண்டாக்குவது என்பதே விடை. விடுதலை பெற்றோரின் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்க ஆயிரக்கணக்கான உபாத்தியாயர்கள் வேண்டியிருந்தனர். அன்னியர் எத்துணை அன்புடையவராயினும் அத்தொகையில் வந்து, அத்தனை காலம் தங்கிக் கற்பித்தல் இயலாத காரியம். ஆகவே கல்லூரி என்று பெயர் வைத்துக்கொண்டு, உள்ளே அரிச்சுவடியிலிருந்து தொடங்கி, கற்றவரை உடனே கிராமப்பள்ளிக்கு ஆசிரியராக அனுப்பும் முறையை இந்த ஸ்தாபனங்கள் கைக்கொண்டன. ஒரே தலைமுறைக்குள் இவை முப்பதினாயிரம் கறுப்பின ஆசிரியர்களைத் தென்மாநிலங்களுக்கு அளித்தன என்று, பிஸ்க்கில் பயின்ற பேரறிஞர் டூ பாய்ஸ் 1903-இல் எழுதினார். கைத்தொழிலே முதலில் வேண்டும் என்ற டஸ்கீகியின் புக்கர் வாஷிங்டனுக்கும், உயர்ந்த தத்துவக்கல்வியும் வேண்டும் என்ற டூ பாய்ஸுக்கும் இடையே நிகழ்ந்த வாதம் பிரசித்தமானது. ஆயினும், நம்மவருக்கு நம்மவரே கற்பிக்கும் நிலை வரவேண்டும் என்பதில் இருவருக்கும் பேதம் இருக்கவில்லை.

தனிக் கலாசாலை சமூகத்தைப் பிரித்துவைக்காதா என்று கேட்போருக்குச் சரித்திரமே மறுமொழி சொல்கிறது. கறுப்பின மாணவரை அரசாங்கக் கலாசாலையிற் சேர்க்கவேண்டும், இல்லையேல் அவர்களுக்கென்று வேறொன்று அமைக்கவேண்டும் என்று 1890-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தபோது, தென்மாநிலங்கள் பிரிவினையையே தேர்ந்துகொண்டன. அந்தப் பிரிவினையைப் பள்ளிகளிலிருந்து ஒழித்த 1954-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்புக்காக வாதாடி வென்றவர், லிங்கனிலும் ஹோவர்டிலும் பயின்ற தர்கூட் மார்ஷல். மக்கள் உரிமைப் போரை நடத்திய மார்ட்டின் லூதர் கிங், மோர்ஹவுஸில் 1948-இல் பட்டம் பெற்றவர். பிரித்து வைக்கப்பட்டோரின் கலாசாலைகளே பிரிவினையை அழிக்கும் வல்லமையுள்ள மாந்தரை உருவாக்கின. 1965-ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றுக்குச் சட்டபூர்வமான அங்கீகாரம் அளித்தது. எல்லாக் கலாசாலைகளின் கதவுகளும் திறந்துவிட்ட இக்காலத்திலும் ஏறத்தாழ நூறு கலாசாலைகள் அங்கே தொடர்ந்து நடைபெறுகின்றன.

பள்ளிமுனையிலிருந்து தலைமன்னார் வீதியில் சற்றுத் தூரம் சென்று வடக்கே பிரிந்தால் எருக்கலம்பிட்டி. தமிழ் பேசும் முஸ்லிம்களின் பழைமையான ஊர் இது. கல்வியில் ஆர்வம் மிக்கதெனப் பெயர் பெற்றது. மதமாற்றத்துக்கு அஞ்சி மிஷன் பள்ளிகளை விலக்கிவைத்த இலங்கை முஸ்லிம் சமுதாயம் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கல்வியில் மிகப் பின்தங்கி நின்றது. அதை எழுப்பியவர் கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்திலெப்பை. 1882-இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கி, ஊரூராகப் பேசி, எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கே வாழ்ந்த ஒராபி பாஷாவின் ஊக்கத்தோடும், வாப்பிச்சி மரைக்காரின் துணையோடும் 1892-இல் கொழும்பில் ஸாஹிராக் கல்லூரிக்கு அவர் அடிகோலினார். யாழ்ப்பாணத்தில் வண்ணார்பண்ணையிற் பிறந்து, இலங்கைச் சிவில் சேவையில் முதல் முஸ்லிமாகச் சேர்ந்த ஏ. எம். ஏ. அஸீஸ், அப்பெரும்பதவியைத் துறந்து 1948-இல் அக்கல்லூரியின் அதிபராக வந்ததும், வறிய மாணவருக்காகப் புலமைப்பரிசில் நிதியை 1945-இல் உண்டாக்கியதும், ஒரு சமூகம் தன் ஆசிரியரைத் தானே தேடிக்கொண்ட வரலாற்றின் சிறந்த பகுதிகள்.

எருக்கலம்பிட்டியின் வீதிகளில் நடக்கும் தமிழன் எவனும் 1990-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தை மறக்கலாகாது. சில நாட்களுக்குள் ஊரைவிட்டு வெளியேறவேண்டும் என்று விடுதலைப் புலிகள் இட்ட கட்டளையால், வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் தம் மண்ணை இழந்தார்கள். மன்னார்த் தீவினர் பலர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக்குச் சென்று, புத்தளத்து ஓலைக்கொட்டில்களில் வாழத் தலைப்பட்டார்கள். அந்த அகதிவாழ்விலும் அவர்கள் பள்ளிக்கூடத்தைக் கைவிடவில்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் காலையிற் படித்துச் சென்ற பள்ளிகளில் பிற்பகல் வகுப்பாகவும், கிடுகு வேய்ந்த கொட்டகைகளிலும், தங்களோடு அகதிகளாய் வந்த ஆசிரியர்களைக் கொண்டே தம் பிள்ளைகளுக்கு அவர்கள் கற்பித்தார்கள். யுத்தம் முடிந்தபின் மீண்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று வெள்ளைச் சீருடையில் சைக்கிளில் விரைவதைக் காண்கையில் உவகையும், அவர்களை ஒருகாலத்தில் துரத்தியது நம் இனத்தின் பெயரால் நடந்த காரியம் என்னும் வெட்கமும் ஒருங்கே எழுகின்றன.

கருவாட்டு வாசனை நிறைந்த பேசாலையைக் கடந்து, காற்றாலைகளின் பெருந்தூண்களைப் பார்த்தவாறே சென்றால் தலைமன்னாரை அடையலாம். வெளிச்ச வீடும் பழைய இறங்குதுறையும் ஆளரவமின்றி இருக்கின்றன. 1914-ஆம் ஆண்டு முதல் இத்துறைக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடிற்று. 1964-ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் இராமேசுவரத்திலிருந்து சில காலம் ஓடிப் பின்னர் நின்றது. யுத்தத்தில் அழிந்த ரயில்பாதை மட்டும் 2015-இல் மீண்டும் இத்துறைவரை வந்திருக்கிறது.

கோப்பிக்காலத்தில் அரிப்பு, மன்னார், தலைமன்னார்க் கரைகளிற் பாய்மரத் தோணிகளிலிருந்து இறங்கிய தொழிலாளரும், தேயிலைக்காலத்தில் மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனைக்குட்பட்டு, தோட்டத்தின் எண் பொறித்த தகரவில்லையைக் கழுத்திற் கட்டிக்கொண்டு கப்பலேறி வந்தோரும் எழுத்தறிவு இல்லாதவராகவே மலைக்குச் சென்றனர். அவர்களை அடிமைகள் என்று சட்டம் சொல்லவில்லை. ஆயினும் கங்காணியின் கடனும், கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதும் துண்டுச்சீட்டும், லயத்தின் பத்தடி அறையும் அவர்களைத் தோட்டத்துடன் பிணித்துவைத்தன.

இறங்குதுறையருகே, மலையகத்தில் தோட்டப்பாடசாலை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்று, 1977-ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் முருங்கன் பக்கம் வந்து குடியேறிய தம் உறவினரைக் காணவந்திருந்த முதியவர் ஒருவரைச் சந்தித்தேன். “மாஸ்டர், நீங்கள் படித்த பள்ளிக்கூடம் எப்படி இருந்தது?” என்று கேட்டேன். “பள்ளிக்கூடமுன்னு தனியா என்னங்க இருந்துச்சு? லயத்துக் கோடியில ஒரு காம்பரா. ஒரே வாத்தியாரு, அஞ்சு வகுப்பு. பத்து வயசு தாண்டுனா செக்ரோல்ல பேர் விழுந்துடும், அப்புறம் கொழுந்துக்கூடைதான். எங்க வாத்தியாரும் அந்தத் தோட்டத்துல பொறந்தவருதான். அவரு, ‘நீ படிச்சா நானாட்டம் இன்னொருத்தன் கெடைப்பான்டா’ன்னு சொல்லிச் சொல்லியே என்னைய விடாம உக்கார வச்சாரு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நானும் வாத்தியாரானேன்” என்றார். அமெரிக்காவின் கலாசாலைகள் எதற்காக எழுந்தன என்பதை, அவற்றின் பெயரையும் கேட்டிராத அத்தோட்டத்து உபாத்தியாயர் தம் மாணவனிடம் ஒரே வாக்கியத்திற் சொல்லிவிட்டார் என்று தோன்றியது.

1920-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டப்பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் ஆரம்பக்கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத்துரைமாரிடமே ஒப்படைத்தது. படித்தவன் மலையை விட்டு இறங்கிவிடுவான் என்று அஞ்சியவரிடமே பள்ளியை நடத்தச் சொன்னதால், ஐந்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்பு அபூர்வமாயிற்று. கல்வியமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945-இல் நாடெங்கும் பரவியபோதும் இப்பள்ளிகள் அதன் பயனிலிருந்து ஒதுக்குப்புறமாகவே கிடந்தன. 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றோராக்கிற்று; வாக்கில்லாத மக்களின் பள்ளிக்காக வாதாட எவரிருப்பர்? 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று விதித்தது. பாட்டன் இறங்கிய இதே தலைமன்னாரில் பேரன் கண்ணீரோடு கப்பலேறினான். 1977-ஆம் ஆண்டு முதற்கொண்டே தோட்டப்பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. மலையகப் பள்ளிகளுக்கு ஆசிரியரைப் பயிற்றும் பொருட்டு, கொட்டகலைக்கு அண்மையில் பத்தனையில் ஜேர்மானிய அரசின் உதவியோடு ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது 1990-களின் தொடக்கத்தில். அதாவது, அமெரிக்காவில் விடுதலை பெற்ற மறு ஆண்டே பிஸ்க் கலாசாலை எழுந்திருக்க, மலையகத்தாருக்கு இக்கல்வியியற் கல்லூரி வாய்க்க, முதற்றோணி வந்ததிலிருந்து ஏறத்தாழ 170 ஆண்டுகள் கடந்தன.

2023-இல், மலையக மக்கள் இலங்கைக்கு வந்த இருநூறாவது ஆண்டை முன்னிட்டு, அவர்களின் வழித்தோன்றல்களும் நண்பர்களும் ஜூலை 28-ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு, முன்னோர் சென்ற வழியே நடந்து, ஆகஸ்ட் 12-ஆம் திகதி மாத்தளையை அடைந்தார்கள். முன்னோர் நடந்தது பிறருடைய செல்வத்துக்காக. இவர்கள் நடந்தது தங்கள் மாண்பை நாடறியச் செய்வதற்காக. காணி, வீடு, மொழி, சம்பளம் என்று அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளிற் கல்வியும் ஒன்று. மலையகத்துக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்னும் குரலும் பல ஆண்டுகளாகவே எழுந்துவருகிறது. இருக்கும் பல்கலைக்கழகங்களில் அவர்களும் சேரலாமே, தனியே ஒன்று எதற்கு என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. சட்டத்திற் கதவு திறந்திருப்பதும், அக்கதவுவரை நடந்துவரும் பலத்தைப் பிள்ளைக்கு அளிப்பதும் இருவேறு காரியங்கள். பின்னதைச் செய்யத் தன் மக்களின் சரித்திரத்தை அறிந்து, அவர்களைத் தாழ்வாக எண்ணாத ஆசிரியரும், அத்தகைய ஆசிரியர் நிறைந்த கலாசாலையும் வேண்டும்.

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சென்னையிலும் கடல்கடந்த தேசங்களிலும் வசதியோடு வாழும் தமிழர், இம்மலையகக் கலாசாலையைத் தங்கள் காரியமாக ஏற்றுக்கொள்ளவேண்டும். நூறு தலைவர்கள் மேடையேறிப் பேசுவதிலும், தோட்டத்துப் பள்ளியொன்றில் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கத்தக்க இளைஞன் ஒருவனைப் படிக்கவைத்து ஆசிரியனாக்குவது பெரிய தருமம். வாசகரே, உம்முடைய பொருளிலும் காலத்திலும் ஒரு சிறு பங்கையேனும் அத்தருமத்துக்கு ஒதுக்கும்.